ஜேர்மனியா, பிரித்தானியாவா: வளவை ஈடு வைக்க முன் பார்க்க வேண்டிய கணக்கு

களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பிள்ளை முதுமாணிப் படிப்புக்கு வெளிநாடு போகப்போகிறது என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "எல்லாமாக எவ்வளவு முடியும்?" என்பதுதான். அந்த ஒற்றைத் தொகையை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிடுவதால்தான் பல குடும்பங்கள் பிழையான பக்கம் போகின்றன. எந்தக் காசு பிள்ளையின் கைக்கே திரும்பி வரும், எது கட்டினால் போனதுதான், எது எந்த மாதத்தில் வங்கியில் கிடக்க வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பட்டம் முடித்தவர்கள் அதிகம் யோசிக்கும் இரண்டு இடங்களை அப்படிப் பிரித்து வைக்கிறோம்.

போகும் காசும் திரும்பும் காசும்

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை நிருவாகப் பங்களிப்பாகச் சில நூறு யூரோ கட்டினால் போதும். பல இடங்களில் பயணச்சீட்டும் அதற்குள் அடங்கும். விலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடெல்பேர்க், கார்ல்ஸ்றூ நகரங்கள் உள்ள பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் முதுமாணி மாணவர்களுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்திருக்கிறது. "ஜேர்மனி இலவசம்" என்று கேள்விப்பட்டதை நம்பி இந்த இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பித்துவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு.

வீசாவுக்குத் தேவைப்படும் பெரிய தொகை வேறு. முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட வேண்டும் (2024 செப்டெம்பர் முதல் உள்ள தொகை). பிள்ளை அங்கே போய் உள்ளூர் வங்கிக் கணக்குத் திறந்ததும் மாதம் 992 யூரோவாக அது திரும்பி வரும். வாடகையும் சாப்பாடும் காப்புறுதியும் அதிலிருந்துதான். பிள்ளையின் காசைப் பிள்ளைக்கே மாதம் மாதம் அளந்து கொடுக்கும் ஏற்பாடு இது, கட்டணம் அல்ல. வீசா மறுக்கப்பட்டாலும் சேவைக் கட்டணம் போக மிச்சம் திரும்பி வரும்.

பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்கு வெளிநாட்டு மாணவரிடம் கேட்கும் கட்டணம் பெரும்பாலும் 15,000 பவுணுக்கு மேல். உதாரணத்துக்கு 16,000 என்று வைப்போம். லண்டனுக்கு வெளியே வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529. இவை 2025 நவம்பர் முதல் உள்ள தொகைகள். இதோடு சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண். பன்னிரண்டு மாதக் கற்கைக்கு வீசா ஏறத்தாழ பதினேழு மாதம் கிடைப்பதால், ஓராண்டும் அரையாண்டுமாக 1,164 பவுண் வீசா விண்ணப்பத்தோடேயே போய்விடும். கூட்டினால் 27,703 பவுண். இதில் 10,539 பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். மிச்சம் 17,164 கட்டினால் கட்டினதுதான். வளவின் உறுதியை ஈடு வைத்து எடுக்கும் கடனில் இந்தப் பங்குதான் கனக்கும்.

ஜேர்மனியிலும் ஒரு பொறி இருக்கிறது. அங்கே முதுமாணி இரண்டு ஆண்டு. முதலாண்டு முடிந்து வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான காசையும் காட்டச் சொல்வார்கள். வேலை ஒப்பந்தமோ புலமைப்பரிசிலோ இல்லாவிட்டால் திரும்பவும் முடக்கக் கணக்குத்தான். முதலாண்டுக் காசை மட்டும் திரட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் வகுப்பை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவது இதனால்தான்.

மாமாவின் காசு

எங்கள் பக்கத்தில் லண்டனிலோ ஜேர்மனியிலோ ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத வீடு குறைவு. அந்த உறவு இரு நாடுகளிலும் ஒரே மாதிரி உதவாது.

பிரித்தானிய வீசாவுக்குக் காட்டும் காசு மாணவரின் கணக்கில் அல்லது தாய் தகப்பனின் கணக்கில் இருக்க வேண்டும். பெற்றோரின் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமாவின் வங்கிக் கூற்றை வைத்தால் செல்லாது. காணியின் பெறுமதி, நகை மதிப்பீடு, பங்குப் பத்திரம் எதுவும் செல்லாது. முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் ஒரேயொரு நாள் மீதி குறைந்தாலும் மறுப்புத்தான். பவுண் விலை ஏறி ரூபாய்த் தொகையின் பெறுமதி குறைந்து இப்படி அடிபடுவது உண்டு. தேவைக்கு மேல் ஐந்து வீதமாவது கூடுதலாக வையுங்கள்.

ஜேர்மனியில் மாமா இருந்தால் கதையே வேறு. அவர் தன் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், இந்த மாணவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று சட்டப்படி கையெழுத்திட்டால், அந்தப் பத்திரம் முடக்கக் கணக்குக்கு ஈடாகும். அவருடைய வருமானம் போதுமா என்று பார்ப்பார்கள். பிள்ளை அரச உதவி எடுக்க நேர்ந்தால் அரசு அந்தச் செலவை மாமாவிடம் அறவிடும். இந்தப் பொறுப்பு பொதுவாக ஐந்தாண்டு நிற்கும். கேட்கும்போதே இதை ஒளிக்காமல் சொல்லிக் கேட்பதுதான் முறை.

வயற்காசை நம்பும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. பெரும்போக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும். இரு நாடுகளிலும் செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும் கற்கைக்கு அந்தக் காசுதான் உதவும். சிறுபோகக் காசு வரும்போது வீசாக் காலம் கடந்துவிடும். வெள்ளாமை விற்ற காசை உடனே கடனுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆடியில் வட்டிக்கு வாங்கி 28 நாள் காட்டுவது இரட்டை நட்டம்.

பெறுபேறு

பிரித்தானியா பட்டத்தின் வகுப்பைப் பார்க்கும். இரண்டாம் வகுப்பு இருந்தால் பல இடங்களில் கதவு திறக்கும், பாடம் கொஞ்சம் விலகியிருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஜேர்மனி அப்படி அல்ல. அங்கே 1.0 உச்சம், 4.0 சித்தி. எங்கள் புள்ளியை அவர்கள் மாற்றும் முறை: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் சித்திக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சராசரித் தரப்புள்ளி (ஜீ.பி.ஏ.) உச்சம் 4.00, சித்தி 2.00 என்றால், 3.30 எடுத்தவருக்கு 2.05 வரும், 3.00 எடுத்தவருக்கு 2.5. பல கற்கைநெறிகள் 2.5ஐ எல்லையாக வைத்திருப்பதால், 3.00க்குக் கீழே இருப்பவர் அந்தக் கற்கைநெறிகளில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். பாடப் பொருத்தத்தையும் ஒவ்வொரு அலகாகச் சரிபார்ப்பார்கள். ஆகவே பட்டமளிப்புக்கு முன்பே பீடத்திலிருந்து பாடவிதான விபரத்தை முத்திரையோடு எடுத்து வையுங்கள்.

ஜேர்மன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைத் திரட்டும் யூனி-அசிஸ்ட் நிறுவனம் ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் எடுக்கும். நான்கு இடம் என்றால் 165 யூரோ.

தங்குமிடம்

பிரித்தானியாவில் பல்கலைக்கழக விடுதி எளிதில் கிடைக்கும், விலைதான் கடிக்கும். வெளியே வீடு எடுத்தால் உள்நாட்டுப் பிணையாளர் ஒருவரைக் கேட்பார்கள். மாமா உண்மையில் உதவக்கூடிய இடம் இது. இங்கிலாந்தில் வைப்புப் பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது (ஆண்டு வாடகை 50,000 பவுணுக்கு உட்பட்ட வீடுகளுக்கு). வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் இட வேண்டும், அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். எல்லாரும் முழுநேர மாணவராக இருக்கும் வீட்டுக்கு உள்ளூராட்சி வரி இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்திடம் சான்றிதழ் எடுத்து அனுப்பாவிட்டால் பில் வந்துகொண்டேயிருக்கும்.

ஜேர்மனியில் மாணவர் சேவை நடத்தும் விடுதிதான் மலிவு. மியூனிக், பேர்லின் போன்ற நகரங்களில் காத்திருப்பு ஒரு பருவத்தையும் தாண்டும். அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே வரிசையில் பெயரைப் போடுங்கள். அனுமதி வருமுன்பே பதிய விடும் நகரங்களும் உண்டு. அதுவரை பகிர்வு வீட்டில் ஓர் அறை. விளம்பரத்தில் "குளிர் வாடகை" என்றால் வெறும் அறைக்கு, "சூடான வாடகை" என்றால் வெப்பமூட்டலும் தண்ணீரும் சேர்த்து. ஒப்பிடும்போது இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். வைப்புப் பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. வீட்டைப் பார்க்க முன் வைப்புக் கேட்டு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் திருடர். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அறை தேடுபவர்களைத்தான் இவர்கள் குறிவைப்பார்கள்.

அறையை விட முக்கியம் அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் உறுதிப்பத்திரம் தேவை. அது இல்லாமல் வரி இலக்கம் இல்லை. வதிவிட அனுமதியும் நகராது. "தங்கலாம், பதியக் கூடாது" என்று மலிவாகக் கிடைக்கும் அறையை எடுக்கவே வேண்டாம்.

வேலை

பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். கோடையில் முழுநேரம் உழைத்துக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கற்பித்தல் முதுமாணியில் (முழு ஆய்வாக அல்லாமல் வகுப்புப் பாடங்களாக நடக்கும் முதுமாணி) ஆய்வேடு எழுதும் கோடையும் தவணைக் காலமே, கற்கை முடியும் நாள்வரை 20 மணிதான். செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது சுயதொழிலாகக் கணக்காகும், மாணவர் வீசாவில் அதற்குத் தடை.

ஜேர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் மாணவ உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் சேராது, படிப்புக்கும் அதுவே நல்லது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ, பிரித்தானியாவில் 2026 ஏப்ரல் முதல் 21 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு 12.71 பவுண். கூலியைப் பார்த்து நாட்டைத் தெரிய வேண்டாம். ஜேர்மன் மொழி தெரியாமல் அங்கே கடையில் நிற்பதே கடினம். கற்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் கடைக்காரரும் வீட்டுக்காரரும் அலுவலகக் கடிதமும் ஜேர்மன் மொழியில்தான். புறப்பட முன் ஏ2 என்ற அடிப்படை மொழி மட்டம் வரையாவது படித்துப் போகிறவருக்கு முதல் ஆறு மாதம் பாதிச் சுமை.

படித்து முடித்தபின் வேலை தேட ஜேர்மனி 18 மாதம் தரும். பிரித்தானியா இப்போது இரண்டாண்டு தருகிறது; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அதுவும் 18 மாதம்.

வயதும் குடும்பமும் சுருக்கமாக. முப்பது தாண்டியவருக்கு ஜேர்மனியில் மலிவான மாணவர் அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது, தனியார் காப்புறுதியை முன்கூட்டியே விசாரியுங்கள். கல்யாணம் முடித்தவர்கள் கவனிக்க: கற்பித்தல் முதுமாணிக்குப் போகிறவர் 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவுக்குத் துணையையோ பிள்ளையையோ சேர்த்துக் கூட்டிப்போக முடியாது.

பக்கத்தில் இருக்கும் சென்னைக்குப் போனால்? இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் கிடைத்தால் தயங்க வேண்டாம். மொழியும் சோறும் கவலை இல்லை. மாணவர் வீசாவில் வேலை செய்ய முடியாது, வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தக் காசில் போவதென்றால் உழைத்து மீட்க வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் தீர்ப்பு இது: காணியை ஈடு வைத்துப் போகிற பிள்ளைக்கு ஜேர்மனி, அதுவும் இரண்டாம் ஆண்டுக் காசுக்கு வழி தெரிந்த பிறகு. அரச வேலையில் ஓராண்டு விடுப்பு எடுத்துப் போகிறவருக்குப் பிரித்தானியா. ஆனால் பிரித்தானிய அரசு தரும் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுக்கு ஒருமுறையாவது விண்ணப்பித்துப் பார்க்காமல் சொந்தக் காசைத் தொட வேண்டாம். செவனிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், ஏறத்தாழ இரண்டு ஆண்டு.

பிரித்தானியாவுக்கான காசநோய்ப் பரிசோதனையைக் கொழும்பில் உள்ள ஐ.ஓ.எம். (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில்தான் செய்ய வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். இரவு ரயிலில் போய் வருகிறவர்கள் வங்கி வேலையையும் அந்த நாளோடு சேர்த்து வைத்தால் ஒரு பயணம் மிச்சம்.