ஓய்வுக்கு மணி அடிக்கும் முறுக்கு டைமர்: வாங்கலாமா?

பேட்டரி கிடையாது, திரை கிடையாது. முகப்பைத் திருகினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். கையை எடுத்ததும் டிக் டிக் என்று இறங்கி வந்து 0-வில் மணி அடிக்கும். சமையலறைக்காகச் செய்த இந்த 60 நிமிட டைமர் எழுத்து மேசைக்கு வந்து சேர்ந்தது பொமடோரோ முறையால்தான். 1980-களின் பிற்பகுதியில், மாணவராக இருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கினார். இத்தாலிய மொழியில் பொமடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு என்பது கணக்கு.

வாங்குகிறவர்களில் பலர் கூடுதலாக வேலை வாங்கும் கருவி என்று நினைத்தே வாங்குகிறார்கள். அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் சில நாளில் டிராயருக்குள் போய்விடும். இதன் அருமை அந்த 5 நிமிடத்தில் இருக்கிறது. வேலையை யாரும் மறப்பதில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் மறக்கிறோம்.

முதலில் திருகும் விதம். 5 நிமிடம்தானே என்று நேராக 5-ல் வைத்தால் பல டைமர்களில் மணி அரைகுறையாக ஒரு ‘டிங்’ போட்டு நின்றுவிடும். சிலவற்றில் அடிக்கவே அடிக்காது. மணிக்கு வேண்டிய முறுக்கு அவ்வளவு சிறிய திருகலில் ஏறாது. 55-ஐத் தாண்டும் வரை திருகிவிட்டு, பிறகு மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து வேண்டிய கோட்டில் நிறுத்துங்கள். பாதியில் வேலை முடிந்துவிட்டால் கையால் 0-வுக்கு இழுக்க வேண்டாம், தானாக ஓடி முடியட்டும். வலுக்கட்டாயமாக இழுத்து இழுத்துத்தான் உள்ளே பற்சக்கரம் தேய்கிறது.

துல்லியம் சுமார்தான். கோடுகள் நெருக்கமாக இருப்பதால் வைக்கும்போதே அரை நிமிடம் பிசகும். ஓட்டத்திலும் ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம். ஓய்வுக்கு அது குறையே அல்ல. சத்தம் மட்டும் உண்மையான குறை. வெற்று மரப்பலகை மேல் வைத்தால் பலகையே டிக் டிக்கைப் பெரிதாக்கிக் காட்டும். நான்காக மடித்த துணியை அடியில் வைத்தால் பாதி அடங்கிவிடும். பலர் சேர்ந்து உட்காரும் அறைக்கு எப்படியும் இது ஒத்துவராது.

அங்கே கனசதுர டிஜிட்டல் டைமர் மேல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிமிட எண் இருக்கும். எந்த எண் மேலே வரும்படி புரட்டி வைக்கிறோமோ அந்த நேரம் ஓடத் தொடங்கும். எண்களை மாற்ற முடியாத வகையும் உண்டு என்பதால், 25-ம் 5-ம் இரண்டுமே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு வசதி, நிறுத்தும் வரை கொஞ்ச நேரம் விடாமல் கத்தும். முறுக்கு டைமரின் மணி சில நொடியில் தானே ஓய்ந்துவிடுவதால், ‘இந்த ஒரு வரியை முடித்துவிட்டு’ என்று தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களை அதனால் எழுப்ப முடியாது. அவர்கள் டிஜிட்டலை வாங்கி, கைக்கெட்டாத அலமாரியில் வைப்பதே சரி. போன் செயலியைப் பரிந்துரைக்க மாட்டோம். மணியை நிறுத்தப் போனைக் கையில் எடுத்ததுமே நான்கு செய்திகள் வந்து நிற்கும். ஓய்வு அங்கேயே போயிற்று.

அந்த 5 நிமிடத்தில் என்ன செய்வது? மணி அடித்ததும், அடுத்து செய்ய வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் அரை வரி எழுதுங்கள். ‘மூன்றாம் பத்தி, தேதி சரிபார்க்க’ என்பது போதும். விட்ட இடம் தாளில் இருப்பதால் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்காது. பிறகு எழுந்து நடந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள். ஜன்னல் வழியாக 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது குறைந்தது 20 நொடி பாருங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இறுகியிருக்கும் தசை, தூரத்தைப் பார்த்தால்தான் தளரும். திரையைப் பார்க்கையில் கண் இமைப்பது குறைவதால், வேண்டுமென்றே நாலைந்து முறை இமைப்பதும் நல்லது. நாற்காலியிலேயே இருந்துகொண்டு வீடியோ பார்ப்பது கண்ணுக்கும் முதுகுக்கும் அதே வேலையின் தொடர்ச்சிதான்.

நாளைத் திட்டமிடுவதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நான்கு சுற்றும் இடையில் மூன்று சிறு ஓய்வும் சேர்ந்தால் 115 நிமிடம். 16 சுற்று என்று எழுதிவைத்தால், அரை மணி நேர நீண்ட ஓய்வுகள் மூன்றும் சேர்ந்து 9 மணி 10 நிமிடம் ஆகிவிடும், சாப்பாட்டு நேரம் தனி. எட்டு மணி நேர நாளுக்கு 12 சுற்றே உச்சம்: வேலை 5 மணி நேரம், ஓய்வுகளோடு 6 மணி 45 நிமிடம். மீதி 75 நிமிடம் சாப்பாட்டுக்கும், போன் அழைப்புக்கும், சொல்லாமல் வரும் வேலைக்கும் வேண்டும். 5 மணி நேரம்தானா என்று மலைப்பவர்கள் இரண்டு நாள் தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். 12-ஐத் தொடுவதே எவ்வளவு கடினம் என்று புரியும்.

கட்டுரை எழுதுவது, நிரல் எழுதுவது போன்றவற்றில் மனம் ஊன்றவே பதினைந்து நிமிடம் ஆகிவிடும். 25-ல் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அவர்களுக்கு 50 வேலை, 10 ஓய்வு பொருந்தும். எந்நேரமும் அழைப்பு எடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த டைமர் உதவாது, வாங்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது முழுவதும் திருகி 2 நிமிடத்தில் வைத்து, மணி அடிக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். மணி முழுதாக அடிக்கிறதா, ஓடும்போது நடுவில் டிக் டிக் தயங்குகிறதா என்று கேளுங்கள். தயங்கினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.