கிளிநொச்சியில் லென்ஸுக்கு வைத்தியம்

ரொறன்ரோவிலிருந்து மாரிக்கு வன்னிக்குப் போகிறவர்கள், வீட்டு அலுமாரியில் விட்டுவந்த பழைய 50 மிமீ கமரா லென்ஸை ஒருக்கால் வெளியே எடுத்துப் பாருங்கள். அப்பேர்ச்சர் (வெளிச்சம் புகும் துவாரம்) வளையத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் அடித்து, முன்பக்கம் சரித்துப் பார்க்க வேண்டும். கிளைவிட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். கண்ணாடி முழுக்க ஒரே சீராக மங்கியிருந்தால், அநேகமாக கிறீஸின் எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய இரு கண்ணாடிகள் விலகத் தொடங்கிவிட்டன. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்த மருந்து: “வெயில்ல வையுங்கோ அண்ணை, இல்லாட்டி அரிசி வாளிக்குள்ள போடுங்கோ.” கலியாண வீடெல்லாம் படம் எடுத்த ஸ்ரூடியோ! வெயிலில் வைத்தால், பூஞ்சணத்தைக் கொல்லக்கூடிய குறுகிய புறஊதாக் கதிரை லென்ஸின் கண்ணாடியே மறித்துவிடும். உள்ளே போவது சூடுதான். அது கிறீஸை இளக்கி அப்பேர்ச்சர் தகடுகளில் எண்ணெய் ஏற்றும். அரிசிக் கதை இன்னும் மோசம். நெல்லை 14 வீத ஈரத்துக்குக் காயவைத்துக் கொண்டுபோனால்தான் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கும் என்பது இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த 14 வீதத் தானியம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை 70 வீதத்தை ஒட்டிய ஈரப்பதனில்தான் நிறுத்தும். பூஞ்சணம் வளரக் கேட்பதும் அவ்வளவுதான். போதாக்குறைக்குத் தவிட்டுத் தூள் வேறு.

வைத்தியம் கிடைத்தது ஏ-9 வீதியோரத்தில், போன் திருத்துகிற ஒரு மேசையில். ரொறன்ரோவில் பூஞ்சணம் என்ற சொல்லைக் கேட்டதும் கவுன்டரில் இருப்பவர் லென்ஸைத் தொடவே பயந்து, புதிதாக வாங்கச் சொல்லுவார். இங்கே தம்பி, “கழட்டிப் பாப்பமே” என்றான். கழற்றிய விதத்தில் பிழை சொல்ல முடியாது. முன்னாலுள்ள எழுத்து வளையத்தை றப்பர்க் கட்டையால் அழுத்தித் திருகினான். இறுகியிருந்த வளையத்துக்கு அசெற்றோன் ஒரு சொட்டு. ஜப்பான் லென்ஸ் ஸ்குறூக்களின் தலை பிலிப்ஸ் என்கிற சாதாரண சிலுவைத் தலை மாதிரித் தெரிந்தாலும் அது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவு. பிலிப்ஸ் போட்டால் வழுக்கித் தலை கிழியும். அந்த முனை அவனிடம் இருந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே போனான். லென்ஸை முன்பின் நகர்த்திக் குவியம் பார்க்கிற மரையைப் பிரிக்கவில்லை, நல்லது. பிரிப்பதானால் பிரிகிற இடத்தில் ஊசியால் கோடு கீறவேண்டும். அந்த மரைக்குப் பல தொடக்கம் உண்டு. தவறான தொடக்கத்தில் ஏற்றினால் தூரத்துக் காட்சி குவியாது.

பூஞ்சணம் அப்பேர்ச்சரை ஒட்டிய முகங்களில் இருந்தது. பாமசியில் வாங்கிய 3 வீத ஐதரசன் பெறொட்சைட்டில் லென்ஸ் கடதாசியை நனைத்து, கண்ணாடிக்கு மேல் சில நிமிடம் விட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைத்தான். பிறகு ஐசோபுறொப்பைல் மதுசாரம். போன்காரர் மேசையில் அது எப்போதும் உண்டு. ஒட்டிய கண்ணாடியை மட்டும் ஊறவைக்கக் கூடாது. திரவம் விளிம்பால் பசைக்குள் இறங்கும், விளிம்பில் பூசிய கறுப்பு மையும் கரையும்.

குறை ஒன்று உண்டு, அதுவும் சின்னதில்லை. துடைத்த கண்ணாடிகளைக் காற்றாடிக்குக் கீழே பரப்பிவிட்டு, வந்த போன் ஒன்றுக்குத் திரை மாற்றப் போய்விட்டான். வீதிப் புழுதி முழுக்க அதில். திரும்ப ஊதி, திரும்பத் துடைத்து, “நாளைக்கு வாங்கோ”. ஊர் நாளை எப்படிப்பட்டது என்று தெரியும்தானே. காற்றாடியை நிற்பாட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்தால் ஒரு நாளில் முடிகிற வேலை. கூலி, ரொறன்ரோவில் பார்ப்பதற்கு மட்டும் கேட்கிற காசிலும் குறைவு, இன்னும் கேட்டிருக்கலாம்.

நூல்கள் போய்விட்டன. பூஞ்சணத்தின் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகாது. நேர் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளிறும், மற்றபடி பிழையில்லை. கமராவோடு சேர்த்து வருகிற கிற் ஸூம், நடுக்கம் தடுக்கிற லென்ஸ்களை இந்த மேசையில் கொடுக்காதீர்கள். அவற்றின் நடுவிலுள்ள கண்ணாடிக் குழுவைத் திரும்ப மையப்படுத்தக் கருவி வேண்டும்.

வைக்கிற இடம்தான் மிச்சம். முந்தி அலுமாரிக்குள் 40 வாற் குண்டு பல்ப் எரியவிடுவார்களே, அது சரியான வேலை. காற்றை 5 பாகை சூடாக்கினாலே 85 வீத ஈரப்பதன் 64க்கு இறங்கும். இப்போது அதே இடத்தில் எல்இடி பல்பைப் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கிறார்கள். அதில் சூடு மிகக் குறைவு! காற்றுப் புகாத 10 லீற்றர்ப் பெட்டியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகளை அளவோடு போடுங்கள். செம்மஞ்சள் மணி பச்சையானால் 120 பாகையில் இரண்டு மணி நேரம் காயவைக்கலாம். உள்ளே ஈரப்பதன் மீற்றர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். மீற்றரை ரொறன்ரோவிலிருந்தே கொண்டுபோங்கள். கிளிநொச்சிக் கடையில் கேட்டால் காய்ச்சல் பார்க்கிற தேமோமீற்றரை எடுத்து நீட்டுகிறார்கள்.