அச்சகத்து சர்வர்: ஆறு வருட ஓட்டமும் எழும்பாமல் போன ஒரு நாளும்

பினாங்கு லெபோ பாசாரில் மாமாவுக்கு அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தண்ணீர்ப்பந்தல் பேனர், இதுதான் தொழில். அந்தக் கடைக்கு 2018-ல் ஒரு சர்வர், அதாவது கோப்புகளை ஒரே இடத்தில் வைக்கும் கணினி, அமைத்துக் கொடுத்தேன். சாதாரண டவர் பெட்டி, உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம், 4 டிபி டிஸ்க் இரண்டு. டிஸ்க்குகளை இணைக்கும் எம்டிஏடிஎம் என்ற லினக்ஸ் கருவியை வைத்து ராய்டு 1: ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். டிசைன் கோப்புகளோடு கடைக் கணக்கும் அதில்தான். இங்கே மலேசியாவில் கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். 2018 ஜூன் 1-ல் ஜிஎஸ்டி (சரக்கு சேவை வரி) பூஜ்யமாவதற்கு முந்தைய பில்கள்கூட அதில் கிடந்தன.

ஆறு வருடம் குறையே சொல்ல முடியாத ஓட்டம். ஒரு விசிறி, ஒரு பவர் சப்ளை மாற்றினேன், அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் கடையின் மெயின் பாக்ஸை மாற்ற அரை நாள் கரண்ட்டை நிறுத்தினார்கள். திரும்ப ஆன் செய்தபோது விசிறி சுற்றியது, ஆனால் துவக்க டிஸ்க் இல்லை என்று திரையில் ஒரே வரி. மாமா போன் செய்தார். "மாப்ள, தைப்பூசத்துக்கு மூணு வாரம்கூட இல்ல. பேனர் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு." தைப்பூசம் பிப்ரவரி 11. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனால் தேதி எங்கோ பழைய வருடத்தில் நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. பிளக் எப்போதும் சொருகியே இருந்ததால் அது எப்போது செத்தது என்றே தெரியவில்லை. கரண்ட் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, இரண்டாவது டிஸ்க்கில் துவக்கப் பார்த்திருக்கிறது. இயங்குதளத்தை ஏற்றும் சின்ன நிரலான க்ரப்பை நான் போட்டிருந்தது முதல் டிஸ்க்கில் மட்டும். பேட்டரியை மாற்றி வரிசையைச் சரிசெய்தேன். க்ரப் மெனு வந்தது, அப்புறம் வரி வரியாக ரீட் எரர், கடைசியில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒற்றைச் சொல்லோடு, துவக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வார்கள், இல்லையென்றால் கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். எஃப்எஸ்சிகே டிஸ்க்கில் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதினால் மிச்சமிருப்பதும் போகலாம். உடனே அணைத்தேன். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் இருக்கும் யுஎஸ்பியில் துவக்கி, எதையும் மவுன்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல்), இரண்டு டிஸ்க்கின் ராய்டு விவரத்தையும் படிக்க மட்டும் செய்தேன்.

அதில் 'ஈவென்ட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். ராய்டின் நிலை மாறும்போதெல்லாம் அது ஏறும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எண் இருக்க வேண்டும். முதல் டிஸ்க்கில் 48,213. இரண்டாவதில் 31,907, கடைசியாக எழுதிய தேதி அக்டோபர். அதாவது மூன்று மாதத்துக்கு முன்பே இரண்டாவது டிஸ்க் ராய்டிலிருந்து கழன்றுவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் போயிருக்கிறது. ஆனால் அது போனது யாரும் திறக்காத கடை மின்னஞ்சல் பெட்டிக்கு. அதை நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஆக, நல்ல டிஸ்க்கில் பழைய தரவு, புதிய தரவு இருக்கும் டிஸ்க்கில் பழுது. நல்லது என்று நினைத்து இரண்டாவதை மட்டும் சொருகித் துவக்கி, பிறகு முதல் டிஸ்க்கை அதோடு சேர்த்திருந்தால் மூன்று மாத வேலை அழிந்திருக்கும். இரண்டாவதைக் கழற்றி, மாஸ்கிங் டேப் ஒட்டி 'பழசு, அக்டோபர்' என்று எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

கொம்தார் கட்டடத்துப் பக்கம் போய் 6 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினேன், எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல். பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவியில் படி எடுக்கத் தொடங்கினேன். இந்தக் கருவியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல பகுதி முழுக்க ஒன்பது மணி நேரத்தில் வந்தது. கெட்ட துணுக்குகளை மூன்று முறை முயல விட்டேன், அதற்கு மட்டும் ஒன்றரை நாள். கடைசியில் வராமல் போனது 212 கேபி. 4 டிபியில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் எந்தக் கோப்பில் போனது என்று தெரிய வேண்டுமே?

அதற்கும் இதில் ஒரு வழி இருக்கிறது, நிரப்பும் முறை. படிக்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் சொல்லைப் படியில் எழுதிவிடும். நான் வேறெங்கும் வராத ஒரு சொல்லைக் கொடுத்தேன். பிறகு எஃப்எஸ்சிகேயைப் படியில் ஓட்டி, மவுன்ட் செய்து, எல்லாக் கோப்பிலும் அந்தச் சொல்லைத் தேடினேன். நான்கு கோப்புகள் சிக்கின. இரண்டு பழைய பேனர், ஒன்று எழுத்துரு, ஒன்று 2021-ல் அடித்த கல்யாணப் பத்திரிகை. கணக்கு முழுதாக இருந்தது. தைப்பூசத்துக்கான தண்ணீர்மலைக் கோயில் பந்தல் பேனர்களும் இருந்தன. மாமா அன்று இரவே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இதெல்லாம் செய்யாதீர்கள். அது தரவைப் படிக்கும் முனையான ஹெட்டின் பழுதாக இருக்கலாம், ஓட ஓடத் தரவு இருக்கும் தட்டையே சுரண்டிவிடும். அணைத்து, டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

எம்டிஏடிஎம் மீது எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு, அதே முறையில்தான் புது டிஸ்க்குகளையும் கட்டினேன். ஒரு டிஸ்க் போனபிறகும் மூன்று மாதம் கடை நிற்காமல் ஓடியது அதனால்தான். குறை என்னவென்றால் அது ரொம்ப அமைதியாக ஓடிவிடுகிறது. ராய்டின் நிலையைக் காட்டும் வரியில் இரண்டு யூ (U) எழுத்து இருக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு வந்தால் டிஸ்க் கழன்றது என்று பொருள். இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு அந்த வரி என் டெலிகிராமுக்கு வருகிறது. க்ரப்பை இரண்டு டிஸ்க்கிலும் போட்டிருக்கிறேன். தனியாக ஒரு பேக்கப் டிஸ்க்கும் உண்டு. வெள்ளிக்கிழமை கடை பூட்டுமுன் மாமா அதை உருவி, துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.