கற்றையா, பொறியா: எலக்ட்ரானின் மின் இருமுனையைத் தேடும் இரு மூலக்கூறுகள்

எலக்ட்ரானின் தற்சுழற்சி அச்சை ஒட்டி நிலையான மின் இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகியிருக்கும் தன்மை) ஒன்று இருக்குமானால், காலத்தின் திசையைத் திருப்பினாலும் இயற்கை விதிகள் மாறா என்னும் சமச்சீர்மை அங்கே முறிகிறது. துகள் இயற்பியலின் இன்றைய அடிப்படைக் கோட்பாடான திட்ட மாதிரி தரும் மதிப்பு இன்றைய கருவிகளுக்கு எட்டாத அளவு சிறியது. ஆகவே இச்சோதனைகளில் ஓர் அளவு உறுதியாகத் தென்பட்டால், அது புதிய இயற்பியலின் தடயமாகவே இருக்கும்.

தனி எலக்ட்ரானை மின்புலத்தில் வைத்தால் அது ஓடிவிடும். கனமான அணுவிலோ, அணுக்கருவை நெருங்கும் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தை அடைவதால், இருமுனையின் விளைவு பெருகித் தெரிகிறது. தாலியம் அணுக்களைக் கொண்டு 2002இல் எட்டிய உச்சவரம்பு (இருமுனை இருந்தாலும் இதைவிடச் சிறியது என்னும் எல்லை) 1.6×10⁻²⁷ எலக்ட்ரான் மின்னூட்டம்-சென்டிமீட்டர். 2011இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இட்டர்பியம் ஃபுளோரைடு மூலக்கூறைக் கொண்டு அந்த வரம்பைச் சற்றே தாழ்த்தியது. மிதமான வெளிப்புலமே மூலக்கூறை வரிசைப்படுத்திவிடும். உள்ளே எலக்ட்ரான் உணரும் பயனுறு புலமோ எந்த ஆய்வகமும் உருவாக்க முடியாத அளவு பெரியது. அன்றிலிருந்து போட்டி மூலக்கூறுகளுக்கு இடையில்தான்.

முதல் போட்டியாளர் ஆக்மி கூட்டு ஆய்வின் தோரியம் ஆக்சைடு. பயனுறு புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 78 ஜிகாவோல்ட். வெளியிலிருந்து கொடுத்ததோ 80, 140 வோல்ட் மட்டுமே. குளிர்ந்த வாயுவிலிருந்து கற்றையாகப் பாயும் மூலக்கூறுகளில் எலக்ட்ரானின் தற்சுழற்சி, பம்பரத்தின் அச்சு சுற்றி வருவதுபோல், சுமார் 1 மில்லிசெகண்ட் அச்சுச்சுழல்கிறது. பிறகு 703 நானோமீட்டர் லேசர் பட்டு அவை உமிழும் 512 நானோமீட்டர் ஒளியைக் கொண்டு, சுழன்ற கோணத்தை அளக்கிறார்கள். 2018இல் கிடைத்த உச்சவரம்பு 1.1×10⁻²⁹.

மற்றொன்று, கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகம் பயன்படுத்தும் ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனி. இதன் பயனுறு புலம் சுமார் 23 ஜிகாவோல்ட்தான். ஆனால் மின்னூட்டம் உள்ளதால் இதைப் பொறியில் பிடித்து வைக்கலாம். அசையா மின்புலம் அயனியை மின்முனைக்கு இழுத்துச் சென்றுவிடும் என்பதால், புலத்தையே வேகமாகச் சுழலவிட்டு, அயனிகளைச் சிறு வட்டங்களில் ஓடவைக்கிறார்கள். இவ்வாறு ஏறத்தாழ 3 செகண்ட் ஒத்திசைவு, அதாவது தற்சுழற்சிகள் ஒழுங்கு குலையாமல் சேர்ந்து சுழலும் காலம், கிட்டியது. 2023இல் வெளியான உச்சவரம்பு 4.1×10⁻³⁰.

அளவீட்டின் நுண்மை, பயனுறு புலத்தையும் ஒத்திசைவுக் காலத்தையும் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகிதத்திலும், எண்ணப்படும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூல அளவிலும் உயர்கிறது. முதல் இரண்டை மட்டும் பெருக்கினால் ஹாஃப்னியம் அயனி ஏறத்தாழ 900 மடங்கு முந்துகிறது. இருந்தும் வரம்பு குறைந்தது சுமார் 2.7 மடங்குதான். காரணம் எண்ணிக்கை: மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுவதால் பொறியில் அயனிகளை மிகுதியாக நெருக்கி அடைப்பது கடினம், கற்றையிலோ மூலக்கூறுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

என் கணிப்பில், இனிப் பெரிய ஆதாயம் காலத்திலிருந்தே வரும். தோரியம் ஆக்சைடில் அளவீட்டுக்குப் பயன்படும் கிளர்ந்த நிலையின் ஆயுள் சுமார் 4 மில்லிசெகண்ட் என்று அளந்திருக்கிறார்கள். கற்றையை நீட்டி, மூலக்கூறுகளை மின்வில்லையால் குவித்து அந்த ஆயுளை முழுதாகப் பயன்படுத்தினாலும் அதற்கு மேல் போக இயலாது. ஜிலா அடுத்து எடுத்திருக்கும் தோரியம் ஃபுளோரைடு அயனியிலோ தேவையான நிலையே அடிநிலை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலை. சிதையும் கவலை இல்லை, புலமும் ஹாஃப்னியத்தை விட வலியது. இட்டர்பியம் ஹைட்ராக்சைடு போன்ற பல்லணு மூலக்கூறுகளை லேசரால் குளிர்வித்து, மின்னூட்டமின்றியே பொறியில் அடைக்கும் முயற்சி, காலத்தையும் எண்ணிக்கையையும் ஒருசேரத் தரக்கூடியது. எனினும் அதிர்வு நிலைகளுக்குக் கசியும் மூலக்கூறுகளை மீட்டெடுக்கப் பல லேசர்கள் வேண்டியிருப்பது அதன் பெரிய சிக்கல்.

அதற்காகக் கற்றையைக் கைவிடுவது பெரும் பிழை. முறைப்பிழைகள் எழும் விதம் இரண்டிலும் வேறு: கற்றையில் லேசர் முனைவாக்கமும் மின்முனைகளின் எஞ்சிய புலமும் தொல்லை தரும், பொறியில் சுழலும் புலமே காந்தவிளைவுகளைப் போலி செய்யும். மேலும் எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் இடையே காலமீள்மையை மீறும் ஒரு விசை இருந்தால், அதுவும் இதே சமிக்ஞையைத் தரும். இருமுனையும் அவ்விசையும் கலக்கும் விகிதம் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுவதால், இரண்டு மூலக்கூறுகளின் முடிவுகளைச் சேர்த்தே அவற்றைப் பிரித்தறிய இயலும்.