கீசர் தெர்மோஸ்டாட் மாற்றித் தருகிறோம் என்று வந்து கட்அவுட்டை டைரக்ட் செய்துவிட்டுப் போய்விட்டார்கள், கோவைக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோவையில் அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் நடந்தது இது. 4,850 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் காசை வாங்கிக்கொண்டு அந்த கீசரை அவர்கள் எந்த நிலையில் விட்டுப்போனார்கள் என்பதுதான் என்னை எழுத வைக்கிறது. குளிர்காலம் ஆரம்பித்தாலே இந்த மாதிரி ஆட்களுக்கு சீசன், அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுவதும் படித்துவிடுங்கள்.

கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட், நல்ல கம்பெனிதான். அப்பாவுக்கு சிறுவாணித் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் வருகிறது, மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர், உப்பு. கொஞ்ச நாளாகவே தண்ணீர் ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க வரும், மறுநாள் பச்சைத் தண்ணீராக வரும். அப்பா கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு 'கோயம்புத்தூர் சர்வீஸ்' என்று தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவர் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னாராம், கம்ப்ளெயின்ட் நம்பர் கூட மெசேஜில் வந்திருக்கிறது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கம்பெனிக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் இங்கே கம்பெனி பெயரைப் போடவில்லை, அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் பையோடு ஒருவர் வந்தார். கீழ் மூடியைக் கழற்றினார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார், "சார், தெர்மோஸ்டாட் போச்சு, காயிலும் போச்சு, மெக்னீசியம் ராடும் கரைஞ்சிருச்சு, மூணையும் சேர்த்து மாத்தலைன்னா டேங்கே ஓட்டையாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். காயில் என்பது தண்ணீரைச் சூடாக்கும் பாகம், மெக்னீசியம் ராடு என்பது டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொடுக்கும் கம்பி. டேங்க் ஓட்டையாகிவிடும் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், புது கீசர் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவை மோட்டார் சுவிட்சை ஆஃப் செய்துவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து மூடியை மாட்டிக்கொண்டிருந்தாராம். தெர்மோஸ்டாட் 1,450, காயில் 1,900, ராடு 650, சர்வீஸ் சார்ஜ் 850. வெள்ளைத்தாளில் கையால் எழுதிய கணக்கு, கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. பணம் ஜிபேயில் ஒரு தனி ஆள் பெயருக்குப் போயிருக்கிறது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டதற்கு "அது கம்பெனிக்கு ரிட்டர்ன் போகணும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கெல்லாம் சுடுதண்ணீர் பிரமாதமாக வந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது, இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும்.

கீசருக்குள் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இரண்டு சாமான் இருக்கும். ஒன்று தெர்மோஸ்டாட். நீங்கள் வைத்திருக்கும் சூடு வந்தவுடன் காயிலுக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தும், தண்ணீர் ஆறினால் திரும்பக் கொடுக்கும். இது தினமும் வேலை செய்கிற சாமான், அதனால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தேயும், சில சமயம் உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு நிறுத்தவே நிறுத்தாது. அப்படி ஆனால் காப்பாற்றுவதற்கு என்றே இரண்டாவதாகக் கட்அவுட் இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது தன்னால் கரண்ட்டைத் துண்டித்துவிடும். பல மாடல்களில் அதில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதைக் கையால் அழுத்தினால்தான் மறுபடியும் கீசர் ஓடும். எங்கள் வீட்டில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கொதித்து, கட்அவுட் துண்டித்து, அதனால்தான் ஒரு நாள் கொதிநீரும் மறுநாள் பச்சைத் தண்ணீருமாக வந்திருக்கிறது. நடுவில் ஓட வைத்தது அம்மா. முன்பு ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லிக்கொடுத்திருந்தாராம், அந்த பட்டனை அமுக்கிவிடுவாராம்.

வந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. கட்அவுட்டுக்குப் போகும் ஒயரை வெட்டி, இரண்டு முனையையும் முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். கரண்ட் கட்அவுட் வழியாகப் போகாமல் நேராகப் போகும், இதைத்தான் 'டைரக்ட்' என்பார்கள். அதாவது நிறுத்த வேண்டிய சாமான் கெட்டுப்போய்க் கிடக்கிறது, காப்பாற்ற வேண்டிய சாமானையும் வழியிலிருந்து எடுத்தாயிற்று. கொதிக்காமல் என்ன செய்யும்?

அடுத்த சில நாளில் அப்பா கவனித்தது கீசரில் எரியும் சின்ன விளக்கைத்தான். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் காயிலுக்கு இருபது நிமிடம் போதும், அதன்பிறகு அந்த விளக்கு அணைய வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலாகியும் அணையவில்லை, உள்ளே கொதிக்கிற சத்தம் வேறு. அம்மா குழாயைத் திறந்ததும் தண்ணீரும் ஆவியுமாக விட்டுவிட்டுப் பீய்ச்சி அடித்து, அவர் கையில் பட்டுத் தோல் சிவந்து கொப்புளித்துவிட்டது. 60 டிகிரி தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், இது கொதிநீர். கீழே இருக்கும் சேஃப்டி வால்விலிருந்தும் சூடாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வால்வு சொட்டுகிறது என்று சில வீடுகளில் அடைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். எல்லா வழியும் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினால் டேங்க் வெடிக்கும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒருவர் குளித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

இன்னொன்று, "வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காமல் காக்கும் அந்த சுவிட்ச் கரண்ட் கசிந்தால்தான் டிரிப் ஆகும். தண்ணீர் கொதிப்பது அதற்குத் தெரியாது.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனதும் பக்கத்துத் தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் முதலில் எம்சிபியை, அதாவது மெயின் பெட்டியில் இருக்கும் சுவிட்சை இறக்கினார், கீசரின் சுவிட்சை மட்டும் நம்பவில்லை. மூடியைத் திறந்ததும் டேப் உருகி ஒட்டிப்போயிருந்தது. "தம்பி, கட்அவுட்டை டைரக்ட் கொடுத்துட்டுப் போயிருக்கான், இத்தனை நாளா இதுலயா குளிச்சீங்க?" என்றார். கோபத்தில் அவருக்குக் கையே நடுங்கியது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். தெர்மோஸ்டாட்டின் மேல் அச்சடித்திருந்த மாதமும் வருடமும் கீசர் ஸ்டிக்கரில் இருந்த அதே வருடம், புதிதாகப் போட்டது என்றால் அது எப்படி முடியும்? அதைக் கழற்றி அதன் கம்பியைக் கொதிநீரில் விட்டுப் பார்த்தார், நல்லதாக இருந்தால் டிக் என்று சத்தம் வந்து மல்டிமீட்டரில் தொடர்பு அறுபட வேண்டும், சத்தமும் இல்லை, அறுபடவும் இல்லை. காயிலை மாற்றியதாகச் சொல்லி 1,900 வாங்கினார்களே, காயிலைக் கழற்ற வேண்டும் என்றால் டேங்கில் இருக்கும் 15 லிட்டரையும் வடித்தாக வேண்டும், அன்று பாத்ரூம் தரை காய்ந்தே இருந்தது என்று அப்பா சொன்னார். காயில் தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பழைய உப்பு அப்படியே பூத்திருந்தது, கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. காயில் நல்லபடியாகத்தான் இருந்தது, மீட்டரில் 27 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் காயில் என்றால் 26, 27 ஓம்தான் வரும், போன காயில் என்றால் எதுவுமே காட்டாது. ஒரு முனையை டேங்கின் உடம்போடு வைத்தும் பார்த்தார், கசிவு இல்லை. உப்பு மட்டும் கல்லுக்கல்லாகப் படிந்திருந்தது, அதைச் சுரண்டி எடுத்தார். மெக்னீசியம் ராடு பாதி கரைந்த பழையதுதான்.

டவுன்ஹால் பக்கம் கடையில் தெர்மோஸ்டாட் 320 ரூபாய்க்குக் கிடைத்தது, கம்பி நீளமும் ஆம்பியரும் பழையதோடு ஒத்துப்பார்த்து ஐஎஸ்ஐ முத்திரையோடு வாங்கினோம். கட்அவுட்டும் ராடும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு அண்ணன் கூலியும் சேர்த்துக்கூட அவர்கள் வாங்கியதில் பாதி ஆகவில்லை. முடித்தபிறகு ஓடவிட்டு, விளக்கு அணைகிறவரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். வேலை என்றால் அது வேலை.

இப்போது வீட்டுக்கு யாராவது வந்தால் நான் அப்பா, அம்மாவிடம் சொல்லியிருப்பது இதுதான். நம்பரைத் தேடாதீர்கள், கீசர் மேலேயோ வாரண்டி கார்டிலோ இருக்கும் நம்பருக்கு மட்டும் போன் செய்யுங்கள். டேங்குக்குத் தனி வாரண்டி பல வருடம் இருக்கும், அதையும் பாருங்கள். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள், எதற்காகவும் வெளியே போகாதீர்கள். புது சாமானின் கவரை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பழையதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றாமல் நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய சாமான் உங்களுடையது, "ரிட்டர்ன் போகணும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

புகார் விஷயம்: அந்த நம்பருக்கு நான் பேசியபோது முதலில் மரியாதையாகப் பேசினார்கள், கட்அவுட் படத்தை அனுப்பினதும் பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், போலீஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையான பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறைக்குள் வருகிறது. நாம் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது, நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வெள்ளைத்தாள் கணக்கு, ஜிபே ரசீது, உருகிய டேப்போடு எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஆணையத்துக்கான மனுவை அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்த சீசனில் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி யாராவது வந்து 'சரி செய்து' கொடுத்திருந்தால், இன்றைக்கே எம்சிபியை இறக்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துக் கீழ் மூடியைத் திறந்து கட்அவுட் ஒயரை ஒருமுறை பாருங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.