கமடோர் 64-இன் எஸ்டி2ஐஇசி போர்டுக்கு உறை: ஏபிஎஸ் பெட்டியா, 3டி பிரிண்ட்டா?

எஸ்டி2ஐஇசி என்பது, கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கு எஸ்டி கார்டை டிஸ்க் டிரைவ் போலப் பயன்படுத்த உதவும் சிறு போர்டு. ஒரே ஒரு உறை போதுமென்றால் கடையில் கிடைக்கும் ஏபிஎஸ் (கடினமான பிளாஸ்டிக்) பெட்டியே நல்லது. சிக்கல் துளைகளில்தான். எஸ்டி கார்டின் அகலம் 24 மி.மீ., தடிமன் 2.1 மி.மீ.; எனவே 25×3 வாய் வேண்டும். அதன் நடுக்கோட்டில் 2.5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, இடையில் மிஞ்சுவதை வெட்டி, தட்டை அரத்தால் தேய்த்துக் கோட்டுக்கு வாருங்கள். டிரில் வேகம் கூடினால் ஏபிஎஸ் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும், துளையும் கோணிவிடும். கேபிள் செருகும் வட்டமான டின் சாக்கெட்டுக்கு, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் அருமை.

3டி பிரிண்ட்டில் அரம் பிடிக்கும் வேலை குறைவு, ஆனால் அளவெடுப்பில் சோம்பல் கூடாது. வெர்னியரால் அளந்து, போர்டைச் சுற்றி 0.5 மி.மீ. இடைவெளி, 2 மி.மீ. சுவர் வையுங்கள். திருகுத் தூணில் நேரடியாகத் திருகினால் அடுக்குகள் பிளந்துவிடலாம்; உள்ளே மரை உள்ள பித்தளை இன்சர்ட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்குவதே பாதுகாப்பு. பிரிண்ட்டுக்கான பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். வெயில்படும் ஜன்னலோரத்தில் மூடி வளையலாம். பிஇடிஜி சுமார் 80 வரை தாங்கும், அதையே எடுங்கள்.

நண்பர்களுக்கும் செய்து தருவதானால் பிரிண்ட்தான்.