வீட்டுக்கு வரும் ஊழியரா, பலதுறை மருந்தகமா: வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைக்கு எது எதற்கு உதவும்?

சிங்கப்பூரில் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால், முதல் மூன்று ஆண்டுகளில் அதன் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் கவனிக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கோ, சாஸ் எனப்படும் அரசு மானியத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகத்துக்கோ குழந்தையைத் தூக்கிச் செல்லலாம். வசதி குறைந்த குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கான கிட்ஸ்டார்ட் போன்ற திட்டத்தில் பதிந்து, பயிற்சி பெற்ற ஊழியரை வீட்டுக்கே வரச் சொல்லலாம். பேட்டையில் வாரந்தோறும் நடக்கும் விளையாட்டுக் குழுவுக்குத் தாயும் பிள்ளையுமாகப் போய் வரலாம். மூன்றையும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று சொல்வது எளிது. ஆனால் கணவர் இரவு முறை வேலைக்குப் போக, மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ஓரறை வாடகை வீட்டைச் சமாளிக்கும் ஒரு தாய்க்கு எல்லாவற்றுக்கும் நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே எதற்கு எதை நம்பலாம் என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

மருந்தகத்தின் பலம் அது எல்லாரையும் எட்டுவது. தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போடுவது இங்கே சட்டப்படி கட்டாயம். தேசியச் சிறார் தடுப்பூசித் திட்டத்தில் உள்ள ஊசிகளும் வளர்ச்சிப் பரிசோதனைகளும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2020 நவம்பரிலிருந்து சாஸ் மருந்தகங்களிலும் அதற்கு முழு மானியம் உண்டு. எடை, உயரம், தலைச்சுற்றளவு ஆகியவற்றை அளந்து சுகாதாரக் கையேட்டில் குறித்துத் தருகிறார்கள். சில மருந்தகங்களில் பிள்ளையின் ஊசி நாளிலேயே தாயின் மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வையும் விசாரிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. இந்த வேலைகளை வீட்டுக்கு வரும் எந்த ஊழியரும் இதைவிடச் சிறப்பாகச் செய்துவிட முடியாது.

மருந்தகத்தால் பார்க்க முடியாதது வேறு. வரிசை எண் வந்ததும் உள்ளே போகும் தாயிடம் தாதி, “கையசைத்து டாட்டா காட்டுகிறானா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?” என்று கேட்கிறார். கேள்வி பாதிதான் புரிந்தாலும், குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் “ஆமாம்” என்று தாய் தலையாட்டிவிடுகிறார். அந்தக் குழந்தை பகலில் பெரும்பாலான நேரம் கம்பிச்சுருளில் தொங்கும் சாரோங் தொட்டிலிலேயே கிடக்கிறதா, அதனிடம் யாராவது பேசுகிறார்களா, கைத்தொலைபேசித் திரைதான் அதற்குத் துணையா என்பதையெல்லாம் சில நிமிடச் சந்திப்பில் கண்டுபிடிக்க வழியில்லை.

வீடு தேடிச் செல்லும் சேவை இந்தத் தீவுக்குப் புதிதன்று. 1927இல் இங்கே வந்த ஐடா சிம்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் தாதி, கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று கைக்குழந்தைகளைக் கவனிக்கும் சேவையைக் கட்டியெழுப்பினார். உள்ளூர்ப் பெண்களையும் அதற்குப் பயிற்றுவித்தார். அன்று வீட்டுக்குப் போவது உயிர் காக்கும் காரியம். இன்று இங்கே ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 பேர்தான் முதல் வயதுக்குள் இறக்கிறார்கள். அப்படியிருக்க, ஒருவரை ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கண்ட பிறகே இந்தச் சேவையை மதிப்பிட முடியும்.

வெளிநாட்டு அனுபவம் இங்கே கைகொடுக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் தொடங்கிய திட்டத்தில், முதல் பிள்ளையைச் சுமக்கும் வசதி குறைந்த பெண்களின் வீட்டுக்குத் தகுதி பெற்ற தாதியர், கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை சென்றனர். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதாகவும் புறக்கணிக்கப்பட்டதாகவும் பதிவான புகார்கள் குறைவாக இருந்தன. அதே திட்டத்தை இங்கிலாந்தில் பதின்ம வயதுத் தாய்மாரிடம் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டபோது, பிறப்பு எடை, தாயின் புகைப்பழக்கம், அவசரச் சிகிச்சைக்கு வருவது, அடுத்த கர்ப்பம் ஆகிய முதன்மை அளவுகோல்கள் எதிலும் பயன் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவச்சியும் சுகாதார ஊழியரும் ஏற்கெனவே கிடைத்துவந்ததுதான் காரணம் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. பிள்ளைகளின் மொழி வளர்ச்சியில் மட்டும் சிறு முன்னேற்றம் தென்பட்டது.

ஜமைக்காவின் கதை வேறு விதமானது. கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் சேலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் என இரண்டு ஆண்டுகள் சமூகச் சுகாதார உதவியாளர்களை அனுப்பினர். அவர்கள் மருத்துவமோ மருந்தோ கொண்டுபோகவில்லை. வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களோடு போய், பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளைகளின் வருவாய், உதவி பெறாதவர்களுடையதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது என 2014இல் ஆய்வறிக்கை வெளியானது. அதே ஆய்வில் வீட்டு வருகையின்றிச் சத்துணவு மட்டும் பெற்ற குழுவிடம் அத்தகைய நீடித்த பலன் தெரியவில்லை.

மருந்தகம் வலுவாக உள்ள ஊரில், அது செய்வதையே வீட்டுக்குக் கொண்டுபோவதால் கூடுதல் நன்மை அதிகம் இல்லை. மருந்தகத்தால் செய்ய இயலாத பேச்சையும் விளையாட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் செலவுக்கேற்ற பலன் கிடைக்கும். சிங்கப்பூர் ஏறக்குறைய இந்த வழியைத்தான் எடுத்திருக்கிறது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை 2014இல் இத்தகைய வீட்டு வருகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2016இல் முன்னோடித் திட்டமாக வந்த கிட்ஸ்டார்ட் முதலில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, 2023இலிருந்து நாடு முழுவதற்கும் விரிவாகி வருகிறது. வருகிற ஊழியர் பெரும்பாலும் தாதி அல்லர். குழந்தை வளர்ச்சியில் பயிற்சி பெற்றவர்.

நல்ல ஊழியர் ஒருவர் செய்வதைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். அவர் பாயில் அமர்ந்து, பைக்குள்ளிருந்து சிறு தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறார். உள்ளே பச்சைப்பயறு போட்டு, மூடி கழலாதபடி இறுக ஒட்டியிருக்கிறது. அதைக் குழந்தையிடம் கொடுக்காமல் தாயின் கையில் கொடுத்து, “நீங்க ஆட்டிக் காட்டுங்கக்கா, உங்க முகத்தைத்தான் பார்ப்பான்” என்று ஒதுங்கிக்கொள்கிறார். தாய் ஆட்ட, குழந்தை கைநீட்ட, “அம்மா சத்தம் கேட்டதும் எப்படித் திரும்பினான் பார்த்தீங்களா” என்று எடுத்துச் சொல்கிறார். ஊழியர் தாமே பிள்ளையைக் கொஞ்சி விளையாடிவிட்டுப் போனால், அவர் போன பிறகு அந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வீட்டை வேவு பார்க்க வருகிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு; பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மருமகள் மனம்விட்டுப் பேசமாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஆள் மாறுவது. பழகிய ஊழியர் வேலையை விட்டுப் போனால், புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அலுப்பிலேயே விலகிவிடும் குடும்பங்கள் உண்டு. (மின்தூக்கியில் அட்டை தொங்கவிட்ட ஊழியரைப் பார்த்துவிட்டு “யார் வீட்டுக்கு?” என்று கேட்கும் அண்டைவீட்டாரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கோணம் உண்டு. தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ திருமணமாகி வந்து, நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் தாய்க்குப் பிறந்த பிள்ளை குடிமகனாக இருந்தால் அதன் ஊசிக்குக் காசில்லை. ஆனால் தாயின் முதுகுவலிக்கோ மனச்சோர்வுக்கோ பலதுறை மருந்தகத்தில் குடிமக்களுக்கான மானியம் கிடைக்காது. ஊரில் கிராமச் சுகாதாரச் செவிலியர் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர் அவர். இங்கே தொடக்கத்தில் யாரையும் தெரியாமல் தவிக்கிறார். தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் வந்தால், அவருக்கு மருந்தகத்தைவிட அதுவே முதல் ஆதரவு. தமிழிலேயே பிள்ளையிடம் பேசினால் போதும், தெரியாத ஆங்கிலத்தில் தடுமாற வேண்டாம் என்று யாராவது அவரிடம் உறுதியாகச் சொல்லவும் வேண்டும்.

விளையாட்டுக் குழு ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும், தனிமையில் வாடும் தாய்க்கும் ஏற்றது. அங்கே கிடைக்கும் தோழிகளை எந்த ஊழியராலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் வீட்டைவிட்டு வெளியே வரத் தெம்பில்லாதவரை அது எட்டாது. தாய் வேலைக்குப் போகிறவரானால் வீட்டு வருகைக்கு நேரம் ஒத்துவராது. மானியத்தோடு கூடிய குழந்தைப் பராமரிப்பு நிலையமே அவருக்கு நடைமுறையில் சரிவரும்.

என் கணிப்பில், ஊசிக்கும் பரிசோதனைக்கும் மருந்தகத்தைத் தவறவிடக் கூடாது. கையில் மிஞ்சும் நேரத்தை முதல் ஒன்றரை ஆண்டுக்கு வீட்டு வருகைக்கும், அதன்பின் குழுவுக்கும் கொடுப்பது மேல். மூன்று வயதில் பாலர் பள்ளி முறை வருகிறது. வசதி குறைந்தோருக்கான கம்லிங்க் பிளஸ் என்ற அரசு உதவித் திட்டத்தில் உள்ள குடும்பங்களுக்கு 2023இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, அந்த வயதில் பாலர் பள்ளியில் சேர்த்தால் பிள்ளையின் பெயரில் உள்ள சிறார் மேம்பாட்டுச் சேமிப்புக் கணக்கில் 500 வெள்ளியும், ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்றால் காலாண்டுக்கு 200 வெள்ளியும் சேரும். வீட்டு வருகைத் திட்டத்தில் சேர விரும்புவோர் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையின் சமூக ஊழியரிடமோ அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலோ விசாரிக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போதே கேட்பது நல்லது. பதியும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: தமிழ் பேசுபவர் கிடைப்பாரா, ஊழியர் மாறினால் புதியவரை அறிமுகப்படுத்த பழையவரும் ஒருமுறை கூட வருவாரா.